வீட்டில் பறவை இருந்தால் அடுப்பில் எந்தத் தவா? நான்ஸ்டிக், இரும்பு, செராமிக், எவர்சில்வர்: ஓர் ஒப்பீடு

புதிதாக லவ் பேர்ட்ஸ் வாங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே ஒரு கேள்வியோடு வருவார்கள். "நான்ஸ்டிக் தவா பறவைக்கு ஆகாது என்கிறார்களே, உண்மையா? அதை விட்டால் எதை வாங்குவது?" முதல் பாதிக்குப் பதில் ஒரே வார்த்தை: உண்மைதான். இரண்டாவது பாதியில்தான் ஆள் திண்டாடிப் போகிறார். இரும்புக்கல் கனம், செராமிக் நிலைக்காது, எவர்சில்வரில் தோசை வராது என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதையும் மாற்றாமல், "இனிமேல் கவனமாக இருந்துகொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

நானும் அப்படி விட்டவள்தான். 2019 கோடை. ஊரெல்லாம் குழாய் வறண்டு, தெருமுனையில் மெட்ரோ வாட்டர் லாரியின் ஹாரன் கேட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாட்கள். காலையில் தோசை வார்க்க நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்துத் தீயைக் கூட்டினேன். ஹாரன் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். நாலு குடம் பிடித்து மாடியேறி வர இருபது நிமிடம் ஆகியிருக்கும். வீட்டில் புகை இல்லை, தீய்ந்த வாடை இல்லை. ஹாலில் இருந்த கூண்டில் ஒரு காக்டெயில் கிளி அடித்தட்டில் கிடந்தது. இன்னொன்று கம்பியைப் பற்றிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடத் திணறிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் போகும்போதே அதுவும் போய்விட்டது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல நான்ஸ்டிக் இருக்கா?"

அதன்பிறகு ஒவ்வொரு வகைத் தவாவையும் எங்கள் அடுப்பில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தேன். கீழே இருப்பது அந்த அனுபவமும், தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதும்.

## சூடு ஏறினால் என்ன ஆகிறது

நான்ஸ்டிக் பூச்சு பெரும்பாலும் பிடிஎஃப்இ என்ற பொருள். டெஃப்லான் என்பது அதற்கு வைத்த வணிகப் பெயர். 1938-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயுக்களை ஆராயும்போது தற்செயலாகக் கிடைத்தது. சாதாரணச் சமையல் சூட்டில் அது எதனோடும் சேராமல் சும்மா இருக்கும். சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கெடத் தொடங்கும். 350-ஐத் தாண்டினால் வேகமாகச் சிதையும். அப்போது கிளம்புபவை கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும், ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்களும்.

தோசைக்கான சூடு 200 டிகிரியை ஒட்டியது. ஆக, நல்ல தோசைக்கும் ஆபத்துக்கும் நடுவே இருப்பது அறுபது டிகிரி. காலித் தவாவைப் பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால் அந்த இடைவெளி சில நிமிடங்களில் கடந்துவிடும். எண்ணெய் ஊற்றியிருந்தால் அது முதலில் புகைந்து நம்மை எச்சரிக்கும். காலித் தவாவில் அந்த எச்சரிக்கையும் கிடையாது.

பறவை மட்டும் ஏன் சாகிறது? அதன் நுரையீரல் நம்முடையதைப்போல் உப்பிச் சுருங்குவதில்லை. நுரையீரலோடு பெரும்பாலும் ஒன்பது காற்றுப்பைகள் சேர்ந்திருக்கும். மூச்சை இழுத்தாலும் விட்டாலும் நுரையீரல் வழியே காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். பறப்பதற்கு வேண்டிய பிராணவாயுவை அப்படித்தான் அது பிழிந்தெடுக்கிறது. காற்றில் நஞ்சு இருந்தால் அதையும் அதே வேகத்தில் எடுத்துக்கொள்ளும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டுபிடிக்க 1986 வரை கேனரிக் குருவிகளை வைத்திருந்தது இதனால்தான். நம் வீட்டு லவ் பேர்ட் முப்பது நாற்பது கிராம்தான் இருக்கும். நுரையீரலில் நீரும் இரத்தமும் கோத்துக்கொண்டால் அந்த உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்?

1975-இல் பிரிட்டனின் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. தவறுதலாக அதிகம் சூடேறிய நான்ஸ்டிக் வாணலியால் ஐந்து காக்டெயில்கள் அரை மணி நேரத்துக்குள் இறந்தன. அவற்றை வளர்த்தவருக்கும் காய்ச்சல் வந்து, ஒரு நாளில் சரியானது. எனக்கு அன்று சாயங்காலம் உடம்பு அனத்தியதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். வெயிலில் தண்ணீர் தூக்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு தவறான நம்பிக்கைகளை இங்கேயே தள்ளிவைத்துவிடலாம். "கீறல் விழாத புதுத் தவாதானே" என்பார்கள். பறவைக்கு எமன் சூடுதான், கீறல் அல்ல. நேற்று வாங்கிய தவாவும் இதைச் செய்யும். "டப்பாவில் பிஎஃப்ஓஏ இல்லை என்று போட்டிருக்கிறதே" என்பது இன்னொன்று. பிஎஃப்ஓஏ என்பது பூச்சைத் தயாரிக்கும்போது பயன்படுத்திய வேறொரு வேதிப்பொருள். அதைக் கைவிட்டது நல்ல விஷயம்தான், ஆனால் பூச்சு அதே பிடிஎஃப்இதான்.

## எதை வைத்து அளப்பது

கடையில் நிற்கும்போது விலையையும் பளபளப்பையும் பார்க்கிறோம். பறவை இருக்கும் வீட்டில் முதல் கேள்வி வேறாக இருக்க வேண்டும்: அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன நாளில் இந்தப் பாத்திரம் என்ன செய்யும்? கவனமாக இருக்கும் நாளில் எல்லாப் பாத்திரமும் நல்ல பாத்திரம்தான். காலிங் பெல் அடிக்கும், போன் வரும், குழந்தை விழும். அந்த ஒரு நாளுக்காகத்தான் வாங்குகிறோம்.

அடுத்தது, தோசையும் சப்பாத்தியும் ஒழுங்காக வருமா என்பது. வராவிட்டால் பரணில் போட்ட பழைய நான்ஸ்டிக் ஒரே வாரத்தில் அடுப்புக்குத் திரும்பி வந்துவிடும். பிறகு கனம், சமைப்பவரின் மணிக்கட்டு தாங்க வேண்டும். கடைசியாக, எத்தனை வருடம் வரும், இண்டக்‌ஷனில் வேலை செய்யுமா, பராமரிக்க எவ்வளவு பாடு.

| பாத்திரம் | மறந்த நாளில் | தோசை | கனம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| நான்ஸ்டிக் | நச்சு வாயு | எளிது | லேசு | பூச்சு போனதும் புதிது. பறவையின் உயிர் |
| இரும்பு | எண்ணெய்ப் புகை | பழகினால் அருமை | அதிகம் | பழக்கும் நாட்கள், துரு |
| செராமிக் பூச்சு | பிடிஎஃப்இ வாயு இல்லை | முதலில் எளிது | லேசு | சீக்கிரம் ஒட்டத் தொடங்கும் |
| எவர்சில்வர் | நிறம் மாறும் | கஷ்டம் | நடுத்தரம் | பொறுமை |
| பூச்சில்லாத ஹார்டு அனோடைஸ்டு (மேற்பரப்பு கெட்டிப்படுத்திய அலுமினியம்) | வாயு இல்லை | சுமாரிலிருந்து நன்று | லேசு | விலை; இண்டக்‌ஷனுக்குப் பெரும்பாலும் ஆகாது |

## நான்ஸ்டிக்கையே வைத்துக்கொண்டு கவனமாக இருப்பது

எண்ணெய் குறைவு, கழுவச் சுலபம், புதிதாகச் சமைப்பவருக்கும் தோசை வரும். பறவை இல்லாத வீட்டில் மிதமான தீயில் பயன்படுத்துபவரிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

பறவை இருக்கும் வீட்டில் முதலில் நிறுத்த வேண்டியது சப்பாத்தி. தோசை வார்க்கும்போது ஈரமாவு ஒவ்வொரு முறையும் தவாவின் சூட்டை இறக்கிவிடும். சப்பாத்தியில் ஈரமும் குறைவு, எண்ணெயும் குறைவு. நாம் அடுத்ததைத் தேய்க்கும் நேரமெல்லாம் தவா காலியாக, முழுத் தீயில் காய்ந்துகொண்டிருக்கும். தினமும் ராத்திரி பத்துச் சப்பாத்தி போடும் வீட்டில் "சூடேற விடவே மாட்டேன்" என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இண்டக்‌ஷன் அடுப்பிலும் இதே கதைதான். அடி மெல்லிய தவா அதில் இன்னும் வேகமாகச் சூடேறும்.

இது பொருந்தும் சூழல் ஒன்றுதான்: மாற்றுப் பாத்திரம் வரும்வரை, தற்காலிகமாக. அதுவரை நடுத்தரத் தீ, காலியாகச் சூடேற்றாமல் எண்ணெயோ மாவோ உள்ள நிலையில் மட்டும், அடுப்பை விட்டு நகராமல். அடுப்பில் தவா இருக்கும்போது வாசலுக்குப் போக வேண்டியிருந்தால் அணைத்துவிட்டு, அணைந்ததா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

## இரும்புத் தோசைக்கல்

என் முடிவு இதுதான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இப்போது ஒரு வார்ப்பிரும்புத் தோசைக்கல், சப்பாத்திக்கு மெல்லிய இரும்புக்கல் ஒன்று, பணியாரக்கல் ஒன்று. மூன்றிலும் பூச்சு கிடையாது. மறந்துபோய் அரை மணி நேரம் காய விட்டாலும் போவது கல்லின் எண்ணெய்ப் பதம்தான்; மறுபடி பழக்கிக்கொள்ளலாம்.

ஆனால் இரும்புக்கும் ஒரு மறைவான ஆபத்து உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. புதுக்கல்லைப் பழக்கும்போது எண்ணெய் தடவிப் புகையப் புகையக் காய்ச்சுவோமே, அந்தப் புகையும் பறவைக்கு ஆகாது. பிடிஎஃப்இ அளவுக்குக் கொடியது இல்லை என்றாலும், மூடிய ஃப்ளாட்டில் அடர்த்தியாகச் சூழ்ந்தால் மூச்சு முட்டும். நான் கல்லை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், மூன்று செங்கல் வைத்து விறகில் பழக்கினேன். அது முடியாதவர்கள் அன்றைக்குக் கூண்டை உறவினர் வீட்டிலோ பக்கத்து ஃப்ளாட்டிலோ வைத்துவிடுங்கள்.

பழக்கும் முறை: கடையில் துருப் பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் போகத் தேய்த்துக் கழுவி, சாதம் வடித்த கஞ்சியை ஊற்றி இரண்டு நாள் ஊற விடுங்கள். கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் தடவி மிதமாகச் சூடாக்கி ஆற விடுங்கள். இப்படி நாலைந்து நாள். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. எண்ணெயைச் சீராகப் பரப்பும், சூட்டையும் கொஞ்சம் தணிக்கும். முதல் இரண்டு தோசை பிய்ந்துதான் வரும், மனம் தளர வேண்டாம். எனக்குப் பத்தாவது நாளில் முறுகலாக எழும்பி வந்தது. அந்த ருசி நான்ஸ்டிக்கில் ஒருநாளும் வந்ததில்லை.

சென்னையில் இன்னொரு தொல்லை ஈரக்காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி ஈரமாக விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். கழுவியதும் அடுப்பில் அரை நிமிடம் உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் போதும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு போன்றவற்றை இரும்பில் வைக்காதீர்கள். பதமும் போகும், கறுத்தும் போகும்.

கனம்தான் உண்மையான குறை. பெரிய வார்ப்பிரும்புக் கல் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். மூட்டுவலி உள்ள அம்மாவோ பாட்டியோ சமைக்கிறார் என்றால் வார்ப்பிரும்பு வேண்டாம். தட்டு இரும்பில் செய்த கல் கனம் குறைவு, சீக்கிரம் சூடாகும். பாரிமுனை, புரசைவாக்கம், தி.நகர் பாத்திரக் கடைகளில் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து வாங்கலாம். இதை மட்டும் ஆன்லைனில் வாங்காதீர்கள்.

## செராமிக் பூச்சு

உண்மையான செராமிக் பூச்சு மணலின் மூலப்பொருளான சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டது. பிடிஎஃப்இ இல்லை, ஆகவே அந்த வாயுவும் இல்லை. லேசு, முதல் சில மாதம் தோசை வழுக்கிக்கொண்டு வரும். பிறகு மெதுவாக ஒட்டத் தொடங்கும். எங்கள் வீட்டில் ஒரு வருடம்கூட முழுதாக வரவில்லை. காசுக் கணக்குப் பார்த்தால் பழகிய இரும்புக்கல் ஒன்று பல செராமிக் தவாக்களைத் தாண்டி வாழும்.

இதில் பெரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. "கிரானைட்", "ஸ்டோன்", "மார்பிள்" என்று புள்ளி புள்ளியாக வருபவை பெரும்பாலும் பிடிஎஃப்இ பூச்சுதான், புள்ளிகள் அழகுக்கு. செராமிக் கலந்த பிடிஎஃப்இயும் உண்டு. பிடிஎஃப்இ இல்லை, அல்லது அதையும் உள்ளடக்கிய பிஎஃப்ஏஎஸ் வகைப் பொருள் எதுவும் இல்லை என்று தெளிவாக அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். விற்பவரின் வாய்மொழி போதாது.

கல்லைப் பழக்க நேரமில்லாத, தனியாகத் தங்கி வேலைக்குப் போகிற, ஆம்லெட்டும் எப்போதாவது தோசையும் போடுகிறவருக்கு இது சரியான தேர்வு.

## எவர்சில்வர்

பொரியல், உப்புமா, வதக்கல் எல்லாவற்றுக்கும் அடி கனத்த எவர்சில்வர் வாணலி போதும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டோடும் சூட்டில் எண்ணெய் விட்டால் முட்டைகூட ஒட்டாமல் வரும். தோசைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நான்ஸ்டிக் கடாய்க்கு மாற்று இது, தவாவுக்கு இல்லை.

## பூச்சில்லாத ஹார்டு அனோடைஸ்டு

அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்வேதி முறையில் கெட்டிப்படுத்தியது. தனிப் பூச்சு கிடையாது என்பதால் பிடிஎஃப்இ பயம் இல்லை. இரும்பில் பாதிக் கனம்கூட இருக்காது, துருப் பிடிக்காது, சப்பாத்திக்கு மிக நன்றாக இருக்கும். தோசைக்கு எண்ணெய் கொஞ்சம் தாராளமாக வேண்டும். எழுபது வயதில் என் அத்தை தூக்கிச் சமைப்பது இதைத்தான்.

வாங்கும்போது ஏமாந்துவிடக் கூடாது. அதே பெயரில், அதே கறுப்பு நிறத்தில், மேலே நான்ஸ்டிக் பூசியதும் வருகிறது. "உள்ளே கோட்டிங் உண்டா?" என்று கேட்டு, டப்பாவிலும் படித்துவிட்டு வாங்குங்கள்.

கல்சட்டியும் மண்சட்டியும் குழம்புக்கும் கீரைக்கும் அருமை, பறவைக்கும் பாதுகாப்பு. ஆனால் தவாவின் வேலையை அவை செய்யாது.

## "கூண்டைத் தள்ளி வைத்தால் போதாதா?"

பாத்திரத்தை மாற்றாமல் இதைச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். தள்ளி வைப்பது நல்லதுதான், ஆனால் இதை மட்டுமே நம்ப முடியாது. நான் இழந்த பறவைகள் ஹாலில் இருந்தவை. வேறு அறையில் இருந்த பறவைகளும் இறந்திருக்கின்றன.

சென்னை ஃப்ளாட்டின் அமைப்பே இதற்கு எதிராக இருக்கிறது. வாஸ்து பார்த்து சமையலறையைத் தென்கிழக்கு மூலையில் கட்டுகிறோம். மதியத்துக்கு மேல் கடற்காற்றும் கிழக்கு, தென்கிழக்கிலிருந்துதான் வீசும். சமையலறை ஜன்னல் வழியாக வரும் காற்று அடுப்பைக் கடந்து ஹாலுக்குள் நுழைகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசுவுக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். சப்பாத்தி போடுவது அதற்குப் பிறகு. சிம்னி இருந்தாலும் அது குழாய் வழியே காற்றை வெளியே தள்ளும் வகையா, வடிகட்டி மறுபடி உள்ளேயே விடும் வகையா என்று பாருங்கள். இரண்டாவது வகை உதவாது.

## எந்த வீட்டுக்கு எது

தினமும் தோசை, சப்பாத்தி, கையில் தெம்பு உண்டு என்றால் இரும்பு. வயதானவர் சமைக்கிறார், கேஸ் அடுப்பு என்றால் பூச்சில்லாத ஹார்டு அனோடைஸ்டு. அதே வயதானவர் இண்டக்‌ஷனில் சமைக்கிறார் என்றால் அடி தட்டையான, மெல்லிய தட்டு இரும்புக்கல். தனியாக இருப்பவர், அவசரச் சமையல் என்றால் பிடிஎஃப்இ இல்லாத செராமிக். ஒட்டத் தொடங்கியதும் மாற்றிவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாது என்றால் முதலில் சப்பாத்திக்கல்லை மாற்றுங்கள், பிறகு தோசைக்கல், கடைசியில் கடாய்.

தவாவை மாற்றியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. ஏர் ஃப்ரையரின் கூடை, சாண்ட்விச் மேக்கர், அயர்ன் பாக்ஸின் அடித்தகடு, தலைமுடியை நேராக்கும் கருவி என்று பலவற்றிலும் இதே பூச்சு இருக்கக்கூடும். ரைஸ் குக்கர் பாத்திரம் தண்ணீர் இருக்கும்வரை நூறு டிகிரியை ஒட்டியே நிற்பதால் அவ்வளவு பயம் இல்லை. பிடிஎஃப்இ பூசிய வெப்ப விளக்குகளாலும் கோழிகள் இறந்திருக்கின்றன. குஞ்சுகளுக்கு விளக்கு வாங்குபவர்கள் கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திச் சுருளும் வேறு வகைதான், ஆனாலும் கூண்டுப் பக்கம் வேண்டாம்.

## சூடேறிவிட்டால்

பறவையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போகிற போக்கில் அடுப்பை அணைத்துவிட்டு, கூண்டோடு வெளியே, காற்றோட்டமான நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஜன்னல் திறப்பதெல்லாம் அதற்குப் பிறகு. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கையில் வைத்து அழுத்தாதீர்கள். இந்த நஞ்சை முறிக்கும் மருந்து என்று எதுவும் கிடையாது. ஆக்சிஜன் கொடுத்து, நுரையீரல் வீக்கத்தைக் குறைக்க மருந்து கொடுப்பார்கள், அதுவும் சீக்கிரம் போனால்தான். பறவை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் காட்டிவிடுங்கள். சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம். வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. உங்கள் பகுதியில் பறவை பார்க்கும் மருத்துவர் யார், எத்தனை மணிவரை இருப்பார் என்பதை இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. அன்று நான் ஏறி இறங்கிய முதல் கிளினிக்கில் "நாய், பூனை மட்டும்தான்" என்றார்கள். அதில் போனது பத்து நிமிடம்.

பழைய நான்ஸ்டிக் தவாவை வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கோ வாட்ச்மேன் குடும்பத்துக்கோ கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அவர்கள் வீட்டில் பறவை ஏதும் வளர்க்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.